மாயாண்டியின் ரத்தமும் என் கோப்பியும்

அல்லாஹ் மேல் ஆணை, சொல்லப்போவதில் ஒரு சொட்டுப் பொய் கிடையாது. மைக்ராஸ்கோப் துடைப்பவனுக்கு ஊரார் ரத்தமெல்லாம் தெரியும். அவன் பெயர்தான் யாருக்கும் தெரியாது. பெரிய மனுஷர்களின் மேசை துடைத்தே தேய்ந்துபோன உங்களுக்கு இது புரியும்.

மேசைக்குச் செருப்பு

சிராங்கூன் ரோட்டோரம் எங்கள் ஆய்வுக்கூடம். மைக்ராஸ்கோப்பை இன்னும் கூர்மையாக்கிவிட வேண்டுமென்று டாக்டர் துரைக்கு வெறி. லென்சை மாற்றுவார், விளக்கை நகர்த்துவார். எல்லாம் கூடிவரும் நேரத்தில் மாயாண்டியின் மாட்டுவண்டி அன்னாசி ஏற்றிக்கொண்டு போகும். மேசை அதிரும், கிருமிகள் கும்மியடிக்கும். அதில் ஒன்று தடுக்கி விழுந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

கடைசியில் துரை ரப்பர் துண்டுகள் வெட்டி மேசைக்கால்களுக்கு அடியில் வைத்தார். ஆட்டம் நின்றது. கேள்விப்பட்ட மாயாண்டி சொன்னான்: "மேசைக்கே செருப்புப் போட்டுட்டீங்க. என் மாட்டுக்கும் ரெண்டு ஜோடி கேட்டுப் பாருங்க பாய்."

நூல் மாதிரி ஒன்று

மழைக்காலத்தில் மாயாண்டிக்குக் குளிர்காய்ச்சல். அவன் ரத்தத்தில் கிளைவிட்ட நூல் மாதிரி ஒன்றைத் துரை கண்டார். புதுக் கிருமியாம். ஊரில் பரவாமலிருக்க, மறுநாள் காலை அவனைத் தொற்றுநோய்த் தீவுக்கு அனுப்பியாக வேண்டும் என்றார். அங்கே போனவர்கள் எல்லாரும் திரும்பியதில்லை. பெஞ்சில் நடுங்கிக்கொண்டிருந்த மாயாண்டி தன்னைப்பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "மாடு ரெண்டும் நான் வச்சாத்தான் தண்ணி குடிக்கும் பாய்" என்றான்.

இரண்டாவது சொட்டு

எனக்கு மனசு கேட்கவில்லை. அந்த மழையில் என் செருப்பிலேயே பூஞ்சை பூத்திருந்தது. லென்சு மட்டும் தப்பியிருக்குமா? கண்ணாடிச் சில்லில் என் கோப்பியில் ஒரு சொட்டைத் தடவி, மாயாண்டியின் ரத்தம்தான் என்று நீட்டினேன். துரை குனிந்து பார்த்து, கிருமி பெருகிவிட்டது என்று வருத்தப்பட்டார். அது நான் குடித்து மிச்சம்வைத்த கோப்பி என்றேன்.

துரை கண் வைக்கும் குழாயை மெதுவாகத் திருகினார். நூலும் கூடவே சுற்றியது. பூஞ்சை குழாயின் கண்ணாடியில் இருந்தது! துடைத்துவிட்டு மாயாண்டியின் ரத்தத்தை மறுபடி பார்த்தார்: சாதாரண மலேரியா. கொயினா மாத்திரை வாங்கிக்கொண்டு அவன் மாடுகளிடம் போனான். அன்றிலிருந்து லென்சுகள், ஈரத்தை உறிஞ்சச் சுட்ட சுண்ணாம்பு போட்ட தகரப்பெட்டிக்குள் தூங்கின. அந்தக் கண்ணாடியைத் துடைக்க வேண்டியவன் நான்தான் என்பதை அவரும் சொல்லவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை. "காசிம், இந்தக் கோப்பி விஷயம் நம் ரெண்டு பேரோடு இருக்கட்டும்" என்றார்.

இத்தனை வருஷம் அப்படித்தான் இருந்தது, இன்றைக்கு நீங்களும் சேர்ந்துவிட்டீர்கள், ஆகவே யார் சொன்னது என்று எவன் கேட்டாலும் வாயைத் திறந்துவிடாதீர்கள்.