பின்பக்கம் தாழ்ந்த கார்

இராஜபாளையத்தில் நான் மெக்கானிக்காக இருந்தபோது, கதவில்லாத, உயரமான பழைய ரேஸ் கார் ஒன்றைக் கொண்டுவந்தார் ஒரு பட்டாளத்துக்காரர். யுத்தத்தில் அடிபட்டதில் அவருக்கு இடது முழங்கால் மடங்காது. யாராவது தாங்கக் கை நீட்டினால், அந்தக் கையில் தன் தொப்பியைக் கழற்றிக் கொடுத்துவிடுவார். காரில் ஏற மட்டும் வேலையாள் தூக்கிவிட வேண்டும்.

“பின்னால ஸ்பிரிங்குல ரெண்டு பட்டையை உருவிரு. கார் தாழட்டும்” என்றார்.

“அய்யா, ரோட்டுல அடியில இடிக்குமே.”

“இடிக்கட்டும். என்னைய ஒருத்தன் தூக்கி வைக்குறத விடவா?”

உருவினேன். தாழ்ந்த காரின் விளிம்பில் உட்கார்ந்து, காலை அவரே உள்ளே இழுத்துக்கொண்டார். வாசல் பள்ளத்திலேயே அடிப்பாகம் இடித்தது. பதறி ஓடினேன். அவரோ தொப்பியைத் தலையில் அழுத்திக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் பறந்துவிட்டார்.

தெரிந்தே நான் கெடுத்த வண்டி அது ஒன்றுதான். இன்றுவரை வருத்தமில்லை.