பக்கம் திருப்பத் தேவையில்லாத புத்தகம்

எங்கள் திருச்சபைப் பாடகர் குழுவில் பேஸ் என்கிற அடிக்குரல் பாடியவர்கள் ஒரு அண்ணனும் தம்பியும். தாயில்பட்டிப் பக்கத்து நிலத்தைப் பங்கு பிரித்ததில் வந்த சண்டையில் பல வருடங்களாகப் பேச்சு கிடையாது. பட்டாசுக் கம்பெனி விபத்தில் அண்ணனின் விரல்கள் வெந்து ஒட்டிப்போயிருந்தன. தாளைப் புரட்ட வராது. அதனால் இருவருக்கும் ஒரே ஸ்டாண்டு, ஒரே புத்தகம். அண்ணன் லேசாகத் தலையசைப்பார், தம்பி பக்கத்தைத் திருப்புவார். பாட்டு முடிந்ததும் ஆளுக்கொரு வாசலால் வெளியேறிவிடுவார்கள்.

நான் கீபோர்டு வாசிப்பவன். பிழைப்புக்குக் கணக்கு வாத்தியார், ஒழுங்கில்லாத எதைக் கண்டாலும் எரிச்சல் வரும். எங்கள் பாட்டுத் தாள்களில் உச்சமான இடமாகப் பார்த்துப் பக்கம் முடியும். திருப்புகிற அந்த நேரத்தில் பேஸ் காணாமல் போகும். புதுப் புத்தகம் அச்சடிக்க முடிவானதும், இசைக்குறிப்பு மென்பொருளுக்கு ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். அது ஒவ்வொரு பாட்டாகத் திறந்து, மார்ஜினையும் இசைக்கோடுகளின் அளவையும் வரி இடைவெளியையும் மாற்றி மாற்றி, எதிரெதிர் இரண்டு பக்கத்துக்குள் அடக்கும்வரை விடாது. கோடை விடுமுறை முழுக்க அதோடு மல்லுக்கட்டினேன். காலண்டர் சீசன் சூடுபிடிக்குமுன் சிவகாசியில் அடித்து, பைண்டு பண்ணியும் வாங்கிவிட்டோம்.

முதல் ஒத்திகையில் எல்லோரும் பாராட்ட, எனக்குத் தலைகால் புரியவில்லை. அண்ணனுக்குத் தனி ஸ்டாண்டு வைத்துப் புத்தகத்தை நானே விரித்தேன். இனிமேல் யாரையும் எதிர்பார்க்க வேண்டாம் என்று வேறு சொன்னேன். தம்பி சற்று நின்று பார்த்துவிட்டு, தன் புத்தகத்தோடு வரிசையின் மறுகோடிக்குப் போனார். அன்று பேஸ் ஒரு இடத்திலும் விடுபடவில்லை.

சில வாரங்களில் தம்பி வருவதையே நிறுத்திவிட்டார். கம்பெனியில் லோடு ஏற்றும் வேலை அதிகம் என்று சொல்லியனுப்பினார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. இடைஞ்சல் என்று நான் எடுத்துப்போட்டதுதான் அவர்களுக்குள் மிச்சமிருந்த ஒரே கொடுக்கல் வாங்கல். இன்றும் அதை நினைத்தால் மனசு ஆறவில்லை.

ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து அண்ணன் என்னிடம் வந்தார். புத்தகம் ரொம்ப வசதி என்றார். பிறகும் போகாமல் நின்றார்.

“சார், ஒரு பாட்டையாவது பக்கம் திருப்புற மாதிரி அடிச்சுத் தருவீகளா? சும்மா வான்னு அவன என்னால கூப்பிட முடியாது.”

மார்ஜினை அகலமாக்கினேன். ஒரு பாட்டு மூன்றாம் பக்கத்துக்கு ஓடியது. தாளைக் கொடுத்தேன், சேதி சொல்லியும் தம்பி வரவில்லை. அண்ணன் அந்தப் பாட்டை இரண்டு பக்கத்தோடு நிறுத்திக்கொள்கிறார். பக்கத்தில் நிற்பவர்கள் திருப்பிவிடக் கை நீட்டினால், வேண்டாம் என்கிறார்.