குண்டு பல்பு தேடிய ஞாயிறு

போன ஞாயிற்றுக்கிழமை திருப்போரூர் கடைத்தெருவில் ஒரு குண்டு பல்புக்காக அலைந்தேன். நூறு வாட்ஸ். உள்ளே கம்பி சிவந்து எரியுமே, அந்தப் பழைய பல்பு.

"அண்ணாத்த, எந்தக் காலத்துல கீற நீ? எல்.இ.டி. வாங்கிக்கினு போ," என்றார் கடைக்காரர். அடுத்த கடையிலும் இதே பேச்சு. அதற்கடுத்த கடையில் பேசக்கூட இல்லை — சிரித்தார்.

எனக்கோ கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. மூன்று மணிக்கு லாரி வந்துவிடும்...

என்ன லாரி, எதற்கு பல்பு என்று கேட்கிறீர்கள்தானே, கண்ணுங்களா?

வரதன் சார் மாமல்லபுரம் பக்கத்தில், மீனவர் குப்பத்தை ஒட்டிய வீட்டில் இருந்த ஓய்வுபெற்ற இன்ஜினீயர். ஆபீஸ்கள் தூக்கிப்போட்ட பழைய கம்ப்யூட்டர்களை ஓடவைப்பது எங்கள் சிலருக்குப் பைத்தியம். அந்தப் பைத்தியத்துக்கு அவர்தான் குரு. சிறுசேரிக்கு வேன் ஓட்டும் நான், செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் தேவா, சாஃப்ட்வேர் கம்பெனி நித்யா — ஞாயிறானால் அங்கேதான் கிடப்போம். போன மழைக்காலத்தில் சார் காலமாகிவிட்டார்.

இப்போது அவர் மனைவி சரோஜாம்மா பெங்களூரில் மகன் வீட்டுக்குக் குடிபோகிறார். அங்கே இடம் கம்மி. சாரின் சொந்தக் கம்ப்யூட்டர் என்ன ஆவது?

"ஓடினா எடுத்துக்கினு போறேன்பா," என்றார். "காலையில அது 'பீப்'னு கத்தும் பாரு... சமையக்கட்டுல இருக்குற எனக்கு, அவரு எழுந்துட்டாருன்னு அதை வெச்சுத்தான் தெரியும். காபி கலப்பேன். ஓடலைன்னா அந்தப் பொட்டியை வெச்சிக்கினு நான் இன்னா பண்ணப் போறேன்? காயலான் கடையில போட்டுடுங்க."

பல மாதம் தூங்கிய மெஷினை நேராகக் கரண்டில் மாட்டக் கூடாது. அது சாரின் சட்டம். ஒரு பலகையில் குண்டு பல்பை மாட்டி வைத்திருப்பார். கரண்ட் அந்த பல்பு வழியாகத்தான் மெஷினுக்குப் போக வேண்டும். பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். ஒருதரம் எரிந்து மங்கிவிட்டால் பிழைத்தோம். (பெரியவர்கள் இல்லாமல் நீங்கள் யாரும் இதில் கை வைக்கக் கூடாது, சரியா?)

மங்கிய பிறகும் உடனே நேராக மாட்ட விடமாட்டார்; கொஞ்ச நேரம் பல்பு வழியாகவே கரண்ட் போகட்டும் என்பார். "போய்க் கடலைப் பாத்துட்டு வாங்கய்யா," என்று துரத்துவார். நான் போவேன். பாதி வழியில் திரும்பிவிடுவேன். "வேன்காரருக்கு எப்பவும் ஹாரன்லதான் கை," என்று சிரிப்பார்.

சரி, ஞாயிற்றுக்கிழமை காலைக்கு வருகிறேன்.

சாரின் பலகையில் மெஷினை மாட்டினோம். சுவிட்சைப் போட்டதும் பல்பு மினுக் மினுக்கென்று கண் சிமிட்டியது. மெஷின் மூச்சு விடவில்லை. மறுபடி போட்டோம். அதே மினுக்.

"உப்புக் காத்து தின்னுடுச்சு," என்றேன். சரோஜாம்மா புடவைகளை அட்டைப்பெட்டியில் அடுக்கப் போய்விட்டார்.

நித்யாதான் பல்பை உற்றுப் பார்த்தாள். "அண்ணா, இது எல்.இ.டி.ண்ணா! இது வழியா மெஷினுக்கு வேணுங்கிற கரண்ட் போகாது. யாரு மாத்தினது?"

தேவா ஸ்க்ரூடிரைவரைத் துடைக்க ஆரம்பித்தான்.

"டேய் தேவா..."

"அம்மாவுக்கு கரண்ட் பில்லு ஏறுதேன்னு வூடு பூரா மாத்திக் குடுத்தேன் அண்ணாத்த. இதுவும் செவுத்துல மாட்டிக்கினு இருந்துச்சா... கையோட கையா..."

"சார்கிட்ட இத்தினி வருஷம் இன்னாத்த கத்துக்கினே?" என்றாள் நித்யா. "பழைய பல்பு எங்க?"

"குப்பை வண்டியில..."

கவனித்திருக்கிறீர்களா? கெடுக்க நினைப்பவன்கூட ரெண்டு தரம் யோசிக்கிறான். உதவி செய்கிற நாம்தான் கேட்காமல் கை வைத்துவிடுகிறோம்.

நேராக மாட்டிப் பார்த்துவிடலாமா? என் கை பிளக்குக்கே போய்விட்டது. நித்யா தட்டிவிட்டாள். "உள்ள ஷார்ட் இருந்தா படார்தான்ணா. அம்மா அடுத்த ரூம்ல இருக்காங்க."

அதனால்தான் அந்தக் கடைத்தெரு அலைச்சல். கடைசியில் ஒரு டீக்கடைக்காரர் வழி சொன்னார் — கோழிக்குஞ்சு வளர்க்கிற இடத்தில் சூட்டுக்காக இன்னும் குண்டு பல்புதான் போடுகிறார்களாம். வேனைத் திருக்கழுக்குன்றம் ரோட்டில் திருப்பினேன்.

பண்ணைக்கார அக்கா முறைத்தார். "பல்பைக் கழட்டிக் குடுத்துட்டா ராவுல குஞ்சுங்க குளிர்ல ஒடுங்கிப்பூடும்."

"ஒரு பழைய கம்ப்யூட்டரை எழுப்பணும்க்கா. சாயங்காலமே கொண்டாந்துடறேன்."

"கம்ப்யூட்டரை எழுப்ப பல்பா? நல்லா கதை விடுற நைனா!" என்றார். ஆனாலும் கழற்றினார். "இப்ப வெயிலு கீது, தாங்கும். பொழுது சாயறதுக்குள்ள வந்துடணும்."

திரும்பி வந்தால்... வாசலில் லாரி!

"இன்னாம்மா, ஏத்தலாமா? செங்கல்பட்டு தாண்டவே இருட்டிடும்," என்று டிரைவர் அவசரப்படுத்தினார்.

பல்பை மாட்டினோம். சுவிட்ச். பளிச்! அவ்வளவுதானா? ஷார்ட்டா?

இல்லை... மெதுவாக மங்கியது.

"வெளிய போங்கண்ணா," என்றாள் நித்யா, சார் மாதிரியே. கேட் வரை போனேன். திரும்பினேன். மறுபடி கேட்.

"இன்னா அண்ணாத்த, உள்ள பிரசவமா?" என்றார் லாரி டிரைவர்.

ஒருவழியாக பல்பை எடுத்துவிட்டு நேராக மாட்டினார்கள். ஃபேன் முனகியது. உள்ளே என்னவோ உருண்டது. அப்புறம் —

பீப்.

திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. தேவா பதறிப்போய் மானிட்டரைக் கழற்றக் கிளம்பினான். சரோஜாம்மா சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். கையில் காபி ஃபில்டர். பெட்டியில் வைக்க எடுத்தது.

"விடுப்பா. அந்தத் திரையை நான் எங்க பாத்தேன்?" என்றார். "பொட்டியை ஏத்துங்க."

இருட்டுவதற்குள் பல்பைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா மாட்டியதும் குஞ்சுகள் கீச்கீச்சென்று ஓடிவந்து அடியில் ஒண்டிக்கொண்டன.

"இன்னா நைனா, எழுந்துச்சா?"

"எழுந்துச்சுக்கா."

அந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் அங்கேயே நின்றேன். எங்கும் ஓடத் தோன்றவில்லை.

சார் பார்த்திருந்தால் நம்பியிருக்க மாட்டார்!