பின்சக்கரங்களுக்கும் வேலை கொடுத்த அண்ணி

அண்ணனைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்தபோது அண்ணி கொண்டுவந்த பெட்டிகளில் ஒன்றைத் தூக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். உள்ளே வெல்டிங் மெஷின் இருந்தது. வீட்டை ஒட்டிய கொட்டகையில் சைலன்சர் பழுது பார்க்கும் கடை போட்டார். ஊரில் எந்த வண்டி இருமினாலும் கடைசியில் அவரிடம்தான் வந்து நிற்கும்.

அண்ணன் பஸ் டிரைவர். நாளெல்லாம் ஸ்டியரிங் பிடித்துவிட்டு வருகிறவருக்கு வீட்டில் வண்டிப் பேச்சே ஆகாது. அண்ணிக்கோ வேறு பேச்சே கிடையாது. இருந்தும் இருவருக்கும் எப்படியோ ஒத்துப்போனது. நான் கடைக்குட்டி, முன்னறையில் தையல் மெஷின் போட்டு உட்கார்ந்திருப்பவன். நடந்ததை எல்லாம் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே காஜா எடுத்தேன்.

கார் அப்பாவுடையது. ஓய்வு பெற்றதும் ஆசையாக வாங்கிய சின்னக் கார். முன்சக்கரங்கள் இழுக்க, பின்சக்கரங்கள் கூடவே உருண்டு வருகிற வகை. கண் மங்கியதும் சாவியை மருமகளிடம் கொடுத்துவிட்டுப் பின்சீட்டுக்கு மாறிக்கொண்டார். அங்கே கால் மேல் கால் போட்டு உட்கார்ந்து போவதில் அவருக்கு ஒரு ராஜகளை.

ஊருக்கு வெளியே கைவிடப்பட்ட கல்குவாரியில் வருடா வருடம் மேடேறும் பந்தயம் நடக்கும். செங்குத்தான மண்சரிவில் யார் வேகமாக உச்சிக் கோட்டைத் தாண்டுகிறார்களோ அவர்களுக்கே பரிசு. அண்ணி முதல்முறை இறங்கிய வருடம், பாதி மேட்டில் முன்டயர்கள் சுழன்று சுழன்று குழி பறித்தன. கார் பக்கவாட்டில் வழுக்கி நின்றது. டிராக்டர் வந்து இழுத்துப் போனது. கூட்டம் கைதட்டியது. அது எந்த மாதிரிக் கைதட்டல் என்று எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது.

திரும்பி வரும்போது அண்ணி அழவில்லை, கோபப்படவில்லை. "மேடு ஏறும்போது பாரமெல்லாம் பின்னாடி போயிடுது. முன்சக்கரம் லேசாகி சும்மா சுத்துது. பாரம் இருக்கிற இடத்தில இழுக்க ஆளில்ல" என்றார்.

"அதுக்கு?" என்றார் அண்ணன்.

"பின்னாடி ரெண்டுக்கும் வேலை குடுக்கப் போறேன்."

அண்ணன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அண்ணி சொன்னால் செய்துவிடுவார் என்று அவருக்குத் தெரியும்.

அதே கம்பெனி செய்த நாலுசக்கர இழுவை வேன் ஒன்று பழைய இரும்புக் கடையில் நசுங்கிக் கிடந்தது. அதன் கியர்பாக்ஸ் எங்கள் கார் இன்ஜினோடு அளவெடுத்துத் தைத்த மாதிரிப் பொருந்தும் என்று கண்டுபிடித்தார். கியர்பாக்ஸ், சக்தியைப் பின்னுக்குக் கொண்டுபோகும் நீள ஷாஃப்ட், அதைப் பின்சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியல், எல்லாம் கொட்டகைக்கு வந்து சேர்ந்தன.

நாலு சக்கரத்தையும் சுழற்ற இன்ஜினுக்கு இருந்த பலம் போதாது. உள்ளே காற்றை அழுத்தித் திணிக்கும் டர்போ போட்டால் பலம் வரும், ஆனால் உள்ளிருக்கும் பிஸ்டன்கள் அந்த அழுத்தத்தைத் தாங்காது. ஆகவே இன்ஜினை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றினார். கூட்டு சேர்ந்தவர் தெருக்கோடி லேத்துக்காரர். எதைக் கேட்டாலும் "ஒரு மைக்ரான் இடிக்குதே" என்பதால் அவருக்கு மைக்ரான் என்றே பெயர். இன்ஜின் பிளாக்கைக் கடைந்து, உறுதியான புது பிஸ்டனும் ராடும் போட்டு, டர்போவும் பொருத்தி இருவரும் இன்ஜினை மறுபடி கட்டினார்கள். கழற்றிய பழைய பிஸ்டன்கள் என் தையல் மேசையில் பாதியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. வாடிக்கையாளர் ஒருவர், "இது என்ன புது மாதிரி பட்டனா?" என்று கேட்டார்.

ஷாஃப்ட் போக வழி வேண்டுமே என்று காரின் தரையை நடுவே நீளமாக அறுத்து, தகட்டை வளைத்துச் சுரங்கம் மாதிரி வெல்டிங் செய்தார். தீப்பொறி பறக்கும்போதெல்லாம் அப்பா கண்ணை மூடிக்கொள்வார். ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "பின்சீட்ட மட்டும் தொட்டுடாதம்மா."

"தொட மாட்டேன் மாமா."

அந்த வாக்குதான் வம்பாகிப் போனது. டிஃபரன்ஷியலை நேராக வைத்தால் சீட்டை முட்டியது. தலைகீழாகத் திருப்பினால் அழகாக அடங்கியது. அப்படியே பொருத்திவிட்டார்.

காரை ஸ்டாண்டுகளில் தூக்கி நிறுத்தி முதல்முறை கியர் போட்ட அன்று தெருவே கூடியிருந்தது. முன்சக்கரங்கள் முன்னோக்கிச் சுற்றின. பின்சக்கரங்களும் சுற்றின, பின்னோக்கி.

அண்ணன்தான் மெதுவாகச் சொன்னார்: "முன்னாடி பாதி வேலைக்குக் கிளம்புது. பின்னாடி பாதி லீவு போட்டுட்டு வீட்டுக்குத் திரும்புது."

மைக்ரான் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். அண்ணியும் கண்ணில் நீர் வரச் சிரித்தார். இன்ஜினை அணைத்த பிறகுதான் அவர் முகம் வாடியது. "தலைகீழா வெச்சா சுத்தறதும் தலைகீழாத்தானே ஆகும். இது எனக்கு ஏன் தோணல?"

"நேரா வெச்சா சரியாயிடுமா?" என்று கேட்டார் அப்பா.

"ஆயிடும். ஆனா சீட்டு போயிடும் மாமா. பெட்ரோல் டேங்கையும் நகர்த்தணும்."

காரைக் கீழே இறக்கச் சொன்னார் அப்பா. பின்கதவைத் திறந்து உள்ளே போய், கால் மேல் கால் போட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு இறங்கி ஸ்பேனருக்குக் கை நீட்டினார். சீட்டின் முதல் போல்டைக் கழற்றியது அவர்தான். "முன்சீட்டுல என்ன முள்ளா இருக்கு? வெட்டும்மா."

அடுத்த பந்தயத்துக்கு முந்தின நாள் மழை பெய்து குவாரிச் சரிவு சேறாகிக் கிடந்தது. அண்ணியின் காரைப் பார்த்ததும் கூட்டத்தில் பழைய சிரிப்பு எழுந்தது. கொடி அசைந்தது. நாலு டயர்களும் ஒரே நேரத்தில் மண்ணை வாரி இறைத்தன. அந்தப் பாதி மேட்டில் கார் ஒரு கணம் தயங்கிப் பக்கவாட்டில் சாய்ந்தது. அடுத்த கணம் பின்சக்கரங்கள் பிடித்துத் தள்ள, இன்ஜின் உறும, கார் மூக்கைத் தூக்கி ஏறியது. கோட்டைத் தாண்டிய பிறகும் கொஞ்ச தூரம் போய்த்தான் நின்றது.

"ஏறிட்டா! எம்மருமக ஏறிட்டா!" என்று அப்பா பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாதவரைக் கட்டிக்கொண்டார். அண்ணன் கண்ணைத் துடைத்தபடி தூசி விழுந்துவிட்டது என்றார். அந்த ஈரத்தில் தூசிக்கு எங்கே போவது?

அண்ணிக்கு இரண்டாம் இடம். முதலிடம் பெற்றது பந்தயத்துக்கென்றே செய்து வரவழைத்த ஜீப். அதன் சொந்தக்காரர் நேரே அண்ணியிடம் வந்து, "அடியில பாக்கலாமாங்க?" என்று கேட்டார். வெள்ளைச் சட்டையோடு சேற்றில் மல்லாந்து காருக்கு அடியில் நுழைந்தார். அவர் வெளியே வராததைக் கண்டு இன்னொருவர் நுழைந்தார். பிறகு நடுவர்களில் ஒருவர். அவர்களுக்கு விளக்கிச் சொல்ல அண்ணியும் டார்ச்சை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

காரைச் சுற்றிலும் கால்களாக நீட்டிக்கொண்டிருந்தன. அடியிலிருந்து அண்ணியின் குரல் மட்டும் கேட்டது: "இந்த வெல்டிங்கைத் தொட்டுப் பாருங்க. பயப்படாதீங்க, நல்லா அழுத்தியே பாருங்க."