மீட்டரில் சொல்லாத கேமரா

மண்மேடு புடைக்கிறது என்று நான் சொன்னதும், சைட் இன்சார்ஜ் துரைராஜ் சார் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை மீட்டர் மேடம்?"

தெரியாது என்றேன். அவர் டீயை எடுத்துக் குடிக்கத் தொடங்கினார்.

இரண்டாயிரத்துப் பத்துகளின் நடுவில் நெய்வேலிப் பக்கம் ஒரு தனியார் காண்ட்ராக்டரிடம் வேலை பார்த்தேன். முத்தாண்டிக்குப்பம் போகும் வழியில் அவர்கள் சுரங்கத்திலிருந்து தோண்டிக் கொட்டிவைத்த மண்மேட்டைக் கண்காணிக்க, எதிரே இரண்டு கேமராக்களைக் கம்பங்களில் ஏற்றியிருந்தேன். இரண்டும் திரும்பும், ஜூம் ஆகும். அப்படித் திரும்பும்போதெல்லாம் பழைய கேலிபரேஷன், அதாவது படத்தை மீட்டராக்கும் அளவுக் கணக்கு, செல்லாது. கட்டம் போட்ட பலகையைக் காட்டி மறுபடி அளவெடுக்க வேண்டும். அதற்கு நேரம் கேட்டு அலுத்துப்போய், அது இல்லாமலே ஒரு கம்ப்யூட்டர் மாடல் செய்தேன். சரிவில் பதித்த வெள்ளைத் தகடுகளை இரு படங்களிலும் பொருத்திப் பார்த்தால், எந்தத் தகடு மற்றவற்றின் தளத்தை விட்டு வெளியே வருகிறது என்று தெரிந்துவிடும். எவ்வளவு என்பது மட்டும் தெரியாது.

மழை விட்ட அந்தக் காலையில் நடுத் தகடுகள் வெளியே வந்திருந்தன. நேர் கீழே மேஸ்திரி முருகவேலும் அவர் ஆட்களும் தண்ணீர் வடிய பைப் பதித்துக்கொண்டிருந்தார்கள்.

"நம்பர் இல்லாம வேலைய நிறுத்தினா மேல என்னா பதில் சொல்றது?" என்றார் துரைராஜ் சார். கெட்ட மனிதர் இல்லை.

"அப்ப இப்பவே கேலிபரேஷன் பண்ணி மீட்டர்லயே சொல்லிடறேன் சார். ஆனா கீழ ஆளுங்க நிக்கக் கூடாது."

ஆள் நின்றால் கேலிபரேஷனுக்கு ஒன்றும் ஆகாது. அது அவருக்குத் தெரியாது. உடனே சம்மதித்தார்.

முருகவேல் ஆட்களோடு கோபமாக மேலே வந்தார். "பாதி பைப்பு போட்டுகினு இருக்கறப்ப, போட்டோ புடிக்கவா மேடம் வரச் சொன்னீங்க?"

பலகையை ஜீப்பிலிருந்து இறக்குவதற்குள் சரிவு இறங்கிவிட்டது. பைப்பும் பம்பும் இருந்த இடமே தெரியவில்லை. முருகவேல் தன் ஆட்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். எல்லோரும் பதில் சொன்னார்கள்.

உரிய நேரத்தில் செய்த கேலிபரேஷனால் உயிர்ச்சேதம் தவிர்க்கப்பட்டதாக ரிப்போர்ட் போனது. இனி மாதந்தோறும் அது கட்டாயம் என்று உத்தரவு வந்தது. நாம் செய்யவே இல்லையே என்று துரைராஜ் சாரிடம் சொன்னேன்.

"அத எழுதினா இன்னும் நாலு கேள்வி வரும் மேடம்" என்றார்.

புதிதாக வரும் இன்ஜினியர்களுக்கு ஒன்று சொல்வேன். உங்கள் மாடல் சரியாக இருந்தால் மட்டும் போதாது. முதலில் ஆட்களை வெளியே கொண்டுவர மேலதிகாரிக்குப் புரிகிற ஒரு காரணத்தைக் கொடுங்கள். கணக்கை அப்புறம் விளக்கிக்கொள்ளலாம். நான் இன்னும் விளக்கவில்லை.