ஏழாம் பக்கத்து ஜிப்பக்கா

"போனை என் கையில குடுக்காதீங்க சார், நீங்களே அடிங்க" என்கிறார் ஜிப்பக்கா, பேருந்து நிறுத்தத்தில் பக்கத்தில் நிற்கும் முன்பின் தெரியாத ஒருவரிடம். "உங்க தோள் பையோட ஜிப் மக்கர் பண்ணுதுன்னு வைங்க. போன்ல என்னன்னு கேப்பீங்க? யோசிக்காதீங்க. வாயில வர்றதை அப்படியே அடிங்க."

கழுத்தில் அலுவலக அட்டை தொங்கும் அந்த மனிதர் முதலில் பையை இறுக்கி அணைத்துக்கொள்கிறார். பிறகு, பேருந்து வரும்வரை வேறு வேலையும் இல்லை என்பதால், 'ஜிப் மாட்டிக்கிச்சு எப்படி எடுக்கிறது' என்று அடிக்கிறார். ஜிப்பக்கா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, கழுத்தை மட்டும் நீட்டி எண்ணுகிறார்.

"தள்ளுங்க... இன்னும் தள்ளுங்க... அடுத்த பக்கம். ஆங், நிறுத்துங்க! அதோ நான்!"

மூன்றாம் பக்கம், நாலாவது வரி. அந்த மனிதர் மரியாதைக்காக அதைத் தொடப் போகிறார்.

"ஐயோ, தொடாதீங்க! நானே சொல்லித் தொட வெச்சா அது கள்ள ஓட்டு."

பேருந்து வருகிறது. ஏறும்போது அவருக்கு ஒரு கைம்மாறும் கிடைக்கிறது: "ஓரத்துல இருக்குற சின்ன ஜிப் ரெண்டு வாரம் தாங்கும் சார். அதுல சாவி வைக்காதீங்க."

ஒரு நாளைக்கு மூன்று போன்கள், மூன்று அந்நியர்கள். பேருந்து நிறுத்தம், வங்கி வரிசை, பல் மருத்துவமனையின் காத்திருப்பு நாற்காலி. ஒரே ஆளிடம் இரண்டாம் முறை கேட்பதில்லை. ஒருமுறை ஒரு பெண்மணி, திருடி என்று நினைத்துக் காவலாளியையே கூப்பிட்டுவிட்டார். ஜிப்பக்கா அசரவில்லை. அந்தக் காவலாளியின் போனிலும் தேடிப் பார்த்துவிட்டுத்தான் வந்தார்.

ஜிப்பக்காவுக்கு ஐம்பது வயது நெருங்குகிறது. குள்ளமான உருவம். கழுத்தில் மூக்குக்கண்ணாடியைத் தொங்கவிட்டிருக்கும் கயிறு, பழைய ஜிப் ஒன்றின் பாதி. அந்த ஜிப்பின் பல்லெல்லாம் பித்தளை. எதிரே வருபவரின் முகத்துக்கு முன் அவரது பையைத்தான் அவர் கண் பார்க்கும். சொந்தக்காரர்களின் கல்யாண ஆல்பத்தைப் புரட்டும்போதுகூட, "இது யாரு? ஓ, அந்த மெரூன் கைப்பை, ரன்னர் மாத்திக் குடுத்தேனே, அவங்க" என்றுதான் அடையாளம் சொல்வார். ரன்னர் என்பது ஜிப்பின் மேல் ஓடும் அந்தச் சின்ன உலோகத் தலை. ஜிப் கெட்டுப்போனதாக மனிதர்கள் நினைப்பதில் பத்துக்கு எட்டு, ரன்னர் கெட்டுப்போனதுதான் என்பது அவரது இருபத்திரண்டு வருடத் தீர்ப்பு.

அந்த இருபத்திரண்டு வருடமும் கடைத்தெருவின் முகப்பில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் இருந்தது. போகிறவர் வருகிறவர் கண்ணில் பட்டாலே போதும், வேலை தானாக வரும். கட்டடத்தை இடித்தார்கள். கிடைத்த இடமோ பின்சந்தில், ஒரு மருந்துக்கடைக்கு மேலே, இரண்டாம் மாடி. முப்பத்து நாலு படி. தப்பித் தவறிக்கூட யாரும் ஏறிவந்துவிட முடியாத இடம்.

கூட்டாளி, அவரது ஓரகத்தி. அதாவது கணவரின் தம்பி மனைவி. வீட்டில் எல்லாருக்கும் அவர் 'சின்னவ'. ஒரு பொருள் கிடங்கில் எட்டு வருடம் அட்டைப்பெட்டிகளுக்கு நாடா ஒட்டியவர். "பொட்டி ஒட்டுனது போதும்க்கா, உங்க கூடவே வந்துர்றேன்" என்று இரண்டாவது தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தார். குடும்பம் ஆறு மாதம் கெடு வைத்தது. அதற்குள் ஆள் வராவிட்டால் இயந்திரங்களை விற்றுவிட்டு, சின்னவள் மறுபடி கிடங்குக்கு, ஜிப்பக்கா சீருடை தைக்கும் ஆலைக்கு. படியேறி ஆள் வரவேண்டுமென்றால் போன் வழியாகத்தான் வரமுடியும். அதனால் ஒரு இணையதளம்.

தளத்தைச் செய்தது சின்னவள்தான். இலவச வகுப்பு ஒன்றில் கற்றுக்கொண்டு, பதினோரு நாள் கண்விழித்து முடித்தார். திறந்ததும் ஒரு அருவி கொட்டும். அதன் மேல் 'உலகத் தரம் வாய்ந்த முழுமையான ஜிப் தீர்வுகள்' என்று எழுத்து மிதந்து வரும். அதன் கீழே முத்துப் பற்கள் தெரியச் சிரிக்கும் ஒரு பெண்.

"யாருடி இந்தப் பொண்ணு? நம்ம கடைக்கு வந்திருக்காளா?"

"இல்லக்கா, சும்மா ஒரு அழகுக்கு."

"அழகாத்தான் இருக்கா. ஆனா அவகிட்ட பையே இல்லையே!"

இருந்தாலும் பெருமைதான். தினமும் காலையில் ஜிப்பக்கா தன் போனில் தேடிப் பார்ப்பார். முதல் வாரமே முதல் இடம்! வீட்டில் எல்லார் போனிலும் முதல் இடம். கொழுந்தனார் இனிப்பு வாங்கி வந்துவிட்டார். ஆனால் ஒரு விஷயம் மட்டும் உதைத்தது: முதல் இடத்தில் இருக்கிற கடைக்கு ஒருவரும் வரவில்லை.

பல் பிடுங்கப் போன இடத்தில் உண்மை வெளியே வந்தது. பக்கத்து நாற்காலி அம்மாளின் போனில், பெருமை பீற்றிக்கொள்வதற்காகத் தேடச் சொன்னார் ஜிப்பக்கா. தள்ளத் தள்ள வரவில்லை. ஏழாம் பக்கத்தில், ஒரு பாம்புப் படத்துக்கும் மூடிப்போன தோல் கடைக்கும் நடுவில், அருவி கொட்டிக்கொண்டிருந்தது. தினம் தினம் தானே தேடி, தானே தொட்டதில், இவளுக்கு இதுதான் பிடிக்கும் என்று போன் கற்றுக்கொண்டுவிட்டது. குடும்பத்துப் போன்களுக்கும் அதே கதி.

"என் போன் எனக்கே ஜால்ரா போட்டிருக்கு சின்னவளே" என்றார் படியேறி வந்து, வீங்கிய கன்னத்தோடு. அன்றிலிருந்துதான் அந்நியர்களின் போன்.

கொழுந்தனாருக்குப் பொறுக்கவில்லை. வாடிக்கையாளர்கள் நட்சத்திரம் போட்டு நாலு வரி எழுதினால் கடை மேலே ஏறும் என்று எங்கோ கேள்விப்பட்டு, குடும்பக் குழுவில் கட்டளை போட்டார். ஒரே சாயங்காலத்தில் பத்தொன்பது பாராட்டுகள். 'எங்க பெரியம்மா தங்கம்.' 'அண்ணி மாதிரி யாரும் வராது.' 'அத்தை, எப்ப வீட்டுக்கு வர்றீங்க?' ஒரு சித்தப்பா மட்டும் இரண்டு நட்சத்திரம் போட்டு, 'ஜிப் நன்றாகத் தைப்பார்கள். ஆனால் மூத்த மகள் கல்யாணத்துக்கு எங்களை அழைத்த விதம் சரியில்லை' என்று எழுதினார்.

ஒரு வாரத்தில் பதினெட்டும் காணாமல் போயின. சித்தப்பா மட்டும் நின்றார். உண்மையிலேயே ஜிப் தைத்துப் போனவர் அவர் ஒருவர்தான் என்று தேடுபொறிக்கே தெரிந்துவிட்டது போலும்.

"நம்மளை நாமளே தூக்கிட்டா எவ்வளவு உயரம் போவோம்?" என்று சிரித்தார் ஜிப்பக்கா. சிரித்து முடித்ததும் அருவியை எடுக்கச் சொன்னார். அது கொட்டி முடிப்பதற்குள் பேருந்தே வந்துவிடுகிறது என்பதை அவர் நிறுத்தத்தில் நின்றே கண்டுபிடித்திருந்தார்.

அருவி போன இடத்தில் வந்தவை, அந்நியர்கள் அடித்த வார்த்தைகள். தினமும் மூன்று பேர் என்னென்ன அடித்தார்களோ, அதை அப்படியே ஒரு பழைய நாட்குறிப்பில் ஏற்றியிருந்தார் ஜிப்பக்கா. 'முழுமையான தீர்வு' என்று ஒரு மனிதர்கூடக் கேட்டிருக்கவில்லை. 'பல்லு கூடவே மாட்டேங்குது.' 'துணி உள்ள சிக்கிருச்சு.' 'பேன்ட் ஜிப் தானா இறங்குது அவசரம்.' எல்லாரையும்விட அதிகம் பேர் கேட்டது: 'ஜிப் மூடுது, ஆனா பின்னாலயே திறந்துக்குது.' ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பக்கம். கேள்விதான் தலைப்பு. கீழே ஜிப்பக்காவின் சொந்த விரல்கள், நகத்தில் கறையோடு, என்ன செய்வது என்று படம் படமாகக் காட்டும். சிக்கிக்கொண்டால் மெழுகுவர்த்தி தேயுங்கள். பின்னால் திறந்துகொண்டால், ரன்னரின் இரண்டு பக்கமும் இடுக்கியால் மெதுவாக ஒரு அழுத்து.

இந்த இடத்தில்தான் சின்னவள் சண்டைக்கு வந்தார்.

"அக்கா, வைத்தியத்தை எல்லாம் ஊருக்குச் சொல்லிட்டா மருந்து வாங்க எவன் வருவான்? அவனே அழுத்தி அவனே மூடிக்குவான்."

"மூடிக்கட்டுமே."

"நாம?"

"முதல்ல அவங்க கண்ணுல படுவோம். கேட்ட கேள்விக்குப் பதில் இல்லாத கடையை அந்தத் தேடுற பொட்டி ஏன் முன்னாடி காட்டணும்? நானா இருந்தாலும் காட்ட மாட்டேன்."

சின்னவள் சொன்னதுதான் முதலில் பலித்தது. நாலாவது மாதம் அந்நியர்களின் போன்களில் கடை இரண்டாம் பக்கத்துக்கு வந்தது. ஐந்தாவது மாதத் தொடக்கத்தில், பின்னால் திறந்துகொள்ளும் ஜிப்புக்கு அவர் எழுதிய பதில் முதல் பக்கத்தின் அடியில் ஒட்டிக்கொண்டது. கடைப் போன் அடிக்க ஆரம்பித்தது. எல்லாம் நன்றி.

"அம்மா, நீங்க சொன்ன மாதிரி அழுத்தினேன், சரியாயிருச்சு. ரொம்ப நன்றிங்க!"

"சந்தோஷம்மா, நல்லா இருங்க" என்று வைப்பார் ஜிப்பக்கா. சின்னவள் சும்மா இருக்கும் தன் இயந்திரத்துக்கு எண்ணெய் போடுவார். எண்ணெய் போட்டுப் போட்டு அது வழுக்கிக்கொண்டிருந்தது. அந்த வாரம்தான் கிடங்கு மேற்பார்வையாளரிடமிருந்து செய்தி வந்தது. பழைய இடம் காலியாக இருக்கிறது. மாதக் கடைசி வெள்ளிக்கிழமை நாலு மணிக்குக் கூப்பிடுவேன். வருகிறாயா இல்லையா என்று அப்போதே சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் வேறு ஆள். ஜிப்பக்கா அதைப் படித்துவிட்டு, "உன் இஷ்டம்மா. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றார். சொல்லவும் இல்லை.

படியேறி வந்த முதல் ஆள் ஒரு பூட்டு வியாபாரி. பெரிய கைகள். கைக்குட்டையில் மடித்து ஒரு ரன்னரை நீட்டினார். இரண்டாக உடைந்திருந்தது.

"மெதுவான்னு போட்டிருந்தேனே?"

"மெதுவாத்தாங்க அழுத்தினேன்."

"இதுவா மெதுவு? வாழைப்பழத்தை இப்படிப் பிடிச்சா தோல் மட்டும்தான் மிஞ்சும்."

அவர் வெட்கப்பட்டுச் சிரித்தார். மறுநாள் இன்னும் இரண்டு பேர், உடைந்த ரன்னர்களோடு. சின்னவள் அக்காவைச் சந்தேகமாகப் பார்த்தார். "வேணும்னே தானே எழுதினீங்க?"

"சீ, வாயைக் கழுவு" என்ற ஜிப்பக்கா, அன்று மாலையே அந்தப் பக்கத்தில் இன்னொரு 'மெதுவாக'வைச் சேர்க்கச் சொன்னார். இப்போது அதில் ஐந்து 'மெதுவாக' இருக்கின்றன. அப்படியும் உடைத்துக்கொண்டு வருகிறார்கள். உடைக்காதவர்களும் வர ஆரம்பித்தார்கள். கைப்பையைத் தானே சரிசெய்துகொண்ட ஒரு ஆசிரியை, தன் அக்கா வீட்டுப் பயணப் பெட்டி இரண்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். "போன்லயே இவ்வளவு சொல்றவங்க நேர்ல ஏமாத்த மாட்டீங்கன்னு தோணுச்சு." ஜிப்பக்கா பெட்டியை வாங்கும் முன் நாட்குறிப்பைத் திறந்தார். "இருக்கட்டும், நீங்க முதல்ல என்னன்னு அடிச்சீங்க? அழகுபடுத்தாம சொல்லுங்க."

முன்பெல்லாம் கடைத்தெருவில் ஒரு நாளைக்கு இருபது பைகள் வரும். இப்போது எட்டு, ஒன்பது. ஆனால் முப்பத்து நாலு படி ஏறி வந்தவர்கள் மூச்சு வாங்க உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் போகிறார்கள். அது ஜிப்பக்காவுக்குப் பிடித்திருக்கிறது. "கீழ இருந்தப்போ பையைத் தூக்கிப் போட்டுட்டு ஓடிருவாங்க. இங்க ஏறின களைப்புக்காவது ரெண்டு வார்த்தை பேசுறாங்க."

மாதக் கடைசி வெள்ளிக்கிழமை, மலையேறும் குழு ஒன்றின் பெரிய கூடாரம் மேசை முழுக்க விரிந்து கிடந்தது. வாசல் ஜிப் அரைவட்டமாக வளைந்து போகும். ஒருவர் தைக்க, இன்னொருவர் இரண்டு கையாலும் வளைவைப் பிடித்துக் கொடுத்துக்கொண்டே வரவேண்டும். ஜிப்பக்கா தைத்தார், சின்னவள் பிடித்தார். படித் திருப்பத்தில் மூன்று பேர் காத்திருந்தார்கள்.

நாலு மணிக்கு மேசை ஓரத்தில் சின்னவளின் போன் அதிர்ந்து அடித்தது. திரையில் மேற்பார்வையாளர்.

ஜிப்பக்கா இயந்திரத்தை நிறுத்தினார். மணிச் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

"போன் அடிக்குதுங்க!" என்று படியிலிருந்து ஒருவர் உதவினார்.

சின்னவள் போனைப் பார்த்தார். வளைவைப் பிடித்திருந்த இரண்டு கைகளையும் எடுக்கவில்லை. துணியை ஊசிப் பக்கமாக ஒரு விரற்கடை நகர்த்தினார்.

ஜிப்பக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பெடலை முழுப் பாதத்தாலும் அழுத்தினார்.