நாக்கில் செத்த சர்க்கரை

சிறுகுறிஞ்சான் இலையை மென்றுவிட்டுச் சர்க்கரையை வாயில் போட்டால், இனிப்பு போன இடமே தெரியாமல், மணலைத் தின்றதுபோல் நறநறவென்று பல்லில் அரைபடும். எங்களைப் போன்ற பிள்ளைகளுக்கு விளையாட்டாக இருந்த அந்தக் கூத்தை வியாபாரமாக்கிய புண்ணியவான் என் சித்தப்பா.

ஐயம்பேட்டையில் எங்கள் வீட்டுக்குள்ளேயே குழித்தறி. அப்பா குழிக்குள் காலை இறக்கி, வெறுங்காலால் மிதிக்கட்டையை மிதித்துப் பட்டு நெய்வார். "மிதி நின்னா அடுப்பும் நின்னுடும்" என்பாள் அம்மா. அப்பாவுக்குச் 'சக்கர' வந்த பிறகும், ஆஸ்பத்திரி மாத்திரையின் தயவில் தறி ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அது பொறுக்காமல் சித்தப்பா பழைய பாட்டில்களில் பச்சைச் சாற்றை அடைத்துக்கொண்டு வந்தார். அப்பாவை இலையை மெல்லவைத்து, பிறகு சர்க்கரையைக் கொடுத்து, தெருவே வேடிக்கை பார்க்கக் கேட்டார்: "இனிக்குதாண்ணா? நாக்குலயே செத்துப்போச்சி பாரு. ரத்தத்துல மட்டும் உயிரோட இருக்குமா?"

தெரு தலையாட்டியது. தம்பியுடையான் படைக்கு அஞ்சான் என்று நம்பிய அப்பா மாத்திரையை நிறுத்தினார். "வேப்பெண்ணெய் குடிச்சாக்கூடத்தான் நாக்குல இனிப்பு தெரியாது, அத்த குடிச்சிட்டு மாத்திரைய வுட்டுடுவீங்களா?" என்று அம்மா கத்தியது யார் காதிலும் ஏறவில்லை.

சில மாதங்கள் கழித்து, மிதிக்கட்டையில் துருத்தியிருந்த ஆணி அப்பாவின் கால் பெருவிரலைக் கிழித்தது. காலில் உணர்ச்சி போயிருந்ததால் அவருக்கு வலிக்கவில்லை. இருட்டுக் குழிக்குள் காலை யார் பார்க்கப்போகிறார்கள்? நாற்றம் வந்து அம்மா குனிந்து பார்த்தபோது விரல் கறுத்திருந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு, கொஞ்சமும் வெட்கமில்லாமல், "நீ பத்தியம் காக்கலண்ணா" என்றார் சித்தப்பா. அந்த வாயில் மண்ணை அள்ளிப் போடவேண்டும் போலிருந்தது எனக்கு.

செடிமேல் எனக்குப் பகையில்லை. அதன் சாற்றை ஆராய்ச்சிக்கூடங்களில் சோதிக்கிறார்களாம், நன்றாகச் சோதிக்கட்டும். அதற்கு முன்னால் என் அப்பாவை வைத்துச் சோதிக்க இவர் யார்?

இப்போது குழியை மூடிச் சிமெண்ட் பூசி, அதன்மேல் அப்பாவின் கட்டிலைப் போட்டிருக்கிறோம். சித்தப்பா செல்போனில் வீடியோ போட்டு ஊரெல்லாம் விற்கிறார். எனக்கும் சர்க்கரை என்று கேள்விப்பட்டுப் போன மாதம் பாட்டிலோடு வந்து நின்றார். வாங்கி, அவர் கண்முன்னாலேயே சாக்கடையில் கவிழ்த்தேன். உள்ளே கட்டிலிலிருந்து அப்பா கெஞ்சினார்: "கொட்டாதமா. அது நல்ல மருந்துதான். நான்தான் பத்தியம் காக்கல."